காணியில் பழஞ்செங்கல் கிடைத்தால் வீதி நிற்குமா?

கேள்வி: நான் வெள்ளவத்தையில் வசிக்கிறேன். ஹோமாகம பக்கம் அப்பா பலாமரம் நட்டு விட்டுப்போன 40 பேர்ச் காணி அதிவேக வீதிக்குப் போகிறது. காணி எடுத்தற் சட்டத்தின் 5ஆம் பிரிவு வர்த்தமானி வந்து, உரிமைக் கோரிக்கை கேட்கும் 7ஆம் பிரிவு அறிவித்தலும் கிடைத்துவிட்டது. தொல்பொருள் திணைக்களத்தார் எங்களைக் கேளாமல் தோண்டிய குழியில் பழஞ்செங்கல்லும் பானை ஓடும் அகப்பட்டன. இதைக் காட்டி வீதியை நிறுத்தலாமா? பங்கில் தகராறு பண்ணி வாய்க்கு வந்தபடி பேசும் தம்பி, அங்கே கிடைத்த இரண்டு பழைய நாணயங்களையும் வைத்திருக்கிறான்.

பதில்: ஐயா, அப்பா நட்ட பலாமரங்களும், அதிகாரிகள் உங்களைக் கேளாமல் தோண்டியதும், தம்பி பேசிய பேச்சும் வழக்கில் நிற்காது. 5ஆம் பிரிவுப் பிரகடனம் வந்துவிட்டது. காணி பொதுத் தேவைக்கு வேண்டியது என்பதற்கு அதுவே முடிவான சான்று. இனி உங்கள் கையில் இருப்பது நட்டஈடு மட்டுமே.

வேலை தொடங்குமுன் தொல்பொருள் ஆய்வு செய்வது, தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின் 1998 திருத்தம் திட்டக்காரர் தலையில் வைத்த கடமை. அது நிலத்துக்கடியில் கிடப்பதைக் காக்க வந்தது, காணிக்காரரைக் காக்க அல்ல. ஏதும் அகப்பட்டால் மீட்பு அகழ்வு செய்வார்கள், வேலை நடக்கையில் கண்காணிப்பார்கள். பெரிய சின்னமானால் பாதை விலகலாம். அப்போதும் அந்த நிலம் பாதுகாப்புக்கென்று அரசிடம் போகக்கூடும். தெற்கு அதிவேக வீதியின் பாதை மாறியபோது காணிக்காரர் உயர் நீதிமன்றம் வரை போனார்கள். அவர்களைக் கேட்காமல் மாற்றியது பிழை என்று 2004இல் தீர்ப்பாயிற்று. கிடைத்தது மேலதிக நட்டஈடு, வீதி நிற்கவில்லை.

எனக்குப் பயம் அந்த நாணயங்களில்தான். 1815 மார்ச் 2க்கு முந்திய பொருள், யார் காணியில் புதைந்து கிடந்தாலும் அரசின் சொத்து. கண்டெடுத்தவர் அறிவிக்க வேண்டும். தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின் கீழ் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பிணை கூடாது என்கிறது 15சி பிரிவு. "அப்பாவின் காணிதானே" என்று அலுமாரியில் வைத்தவர்களின் குடும்பங்கள் விளக்கமறியலுக்குச் சாப்பாடு கொண்டு அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். தம்பியைச் சிக்கவைக்க இதுதான் தருணம் என்று நினைக்காதீர்கள். விசாரணை உங்களையும் தேடி வரும். சட்டத்தரணி ஒருவரோடு போய் நாணயங்களை ஒப்படைத்து, எழுத்தில் பற்றுச்சீட்டு வாங்கச் சொல்லுங்கள். இந்த வாரமே.

அடுத்தது, வீதி நிற்கும் என்று நம்பி பிரதேச செயலாளர் உரிமையையும் நட்டஈட்டையும் விசாரிக்கும் 9ஆம் பிரிவு விசாரணைக்குப் போகாமல் இருப்பது. நீதிமன்றத் தடையுத்தரவு வரும் என்று நம்பி வீட்டில் இருந்தவர்களின் மரம், மதில், கிணறு எதுவும் மதிப்பீட்டில் ஏறவில்லை. உங்கள் உரிமைக் கோரிக்கை விசாரணைக்குக் குறைந்தது 7 நாள் முன்பே எழுத்தில் போய்ச்சேர வேண்டும். பலாமரங்களை அங்கே எழுதுங்கள், அங்கேதான் அவற்றுக்குப் பெறுமதி.

தம்பியோடு பங்குச் சண்டை நீடித்தால் விடயம் மாவட்ட நீதிமன்றம் போகும், பணம் அங்கே வைப்பில் கிடக்கும். நீங்கள் இருவரும் வருடக்கணக்கில் சட்டத்தரணிகளுக்குக் கட்டணம் கட்டுவீர்கள். பாதிப் பாதி என்று எழுதிக் கையொப்பம் வையுங்கள். அவர் கேட்பது கொஞ்சம் கூடுதலானாலும் கொடுத்துவிடுங்கள். தொகை போதாதென்றால், நட்டஈட்டுத் தீர்மானம் கிடைத்து 21 நாளுக்குள், அதற்கெதிரான மேன்முறையீட்டைக் கேட்கும் மீளாய்வுச் சபைக்கு இருவரும் சேர்ந்தே போகலாம்.