வின்யாசப் பயிற்சிக்குப் பணம் கட்டுமுன்

தங்கச்சி, தேவகோட்டையிலிருந்து கணவரோடு சிங்கப்பூர் வந்து இறங்கிய கையோடு, வின்யாச யோகாவில் 200 மணி நேர ஆசிரியர் பயிற்சியில் சேரத் துடிக்கிறாய். எந்த நிலையம் நல்லது, இல்லை ஊருக்கு வரும்போது இங்கே பங்களா விடுதி ஏதாவதொன்றில் நடக்கும் யோகா முகாமிலேயே முடித்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். நான் இப்போது கோட்டையூரில் இருக்கிறேன். வீட்டில் ஓடு மாற்றுகிறார்கள். கொத்தனார் சாப்பிடப் போன இடைவெளியில் இதை எழுதுகிறேன்.

நிலையத்துக்கு முன்னால் உன் பாஸைப் பற்றிப் பேச வேண்டும். டிப்பெண்டன்ட் பாஸில், அதாவது அங்கே வேலை பார்ப்பவரின் குடும்பத்தாருக்குத் தரும் அனுமதியில், வந்திருப்பதாகச் சொல்கிறாய். 2021 மே மாதத்திலிருந்து அந்த பாஸ் வைத்திருப்பவர் வேலைக்குப் போக வேண்டுமானால், வேலை கொடுப்பவர் மனிதவள அமைச்சில் விண்ணப்பித்துத் தனியாக வேலை அனுமதி வாங்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு வகுப்பு எடுக்க வருகிறவளுக்காக எந்த நிலையம் அவ்வளவு மெனக்கெடும்? சொந்தத் தொழில் நடத்துவோருக்குத் தனி விதி உண்டு. அது வேறு கதை. ஆயிரக்கணக்கில் சிங்கப்பூர் வெள்ளியைக் கட்டிவிட்டு, வகுப்பெடுத்தே அதைத் திரும்ப எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தால் அந்தக் கணக்கை இப்போதே அடித்துவிடு. உனக்காகக் கற்றுக்கொள்வதானால் மேலே படி.

விளம்பரங்களில் ‘யோகா அலையன்ஸ்’ முத்திரையைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது அமெரிக்காவில் இயங்கும் அமைப்பு. பள்ளிகளையும் ஆசிரியர்களையும் பதிவு செய்துகொள்கிறது. எந்த அரசாங்கத்தின் உரிமமும் அல்ல. முத்திரை இருந்தால் நல்லதுதான், அதை மட்டும் பார்த்துப் பணம் கட்டாதே.

வின்யாசம் என்பது மூச்சோடு உடலை அசைக்கும் முறை. அதை 1930களில் மைசூர் அரண்மனையில் கிருஷ்ணமாச்சாரியார் சொல்லிக்கொடுத்தார். அவரிடம் படித்த பட்டாபி ஜோயிஸ் அதை அஷ்டாங்க வின்யாசமாக, ஆசனங்களின் மாறாத வரிசையில் பரப்பினார். நீ சேர நினைக்கும் இன்றைய வின்யாச ‘ஃப்ளோ’ வகுப்பில் அந்த வரிசை கிடையாது. ஆசனங்களை ஆசிரியரே அன்றன்றைக்குக் கோக்கிறார். அவருக்குக் கோக்கத் தெரியாவிட்டால் வலியை வாங்குவது உன் தோளும் மணிக்கட்டும். அதனால்தான் கட்டடத்தைப் பார்க்காதே, ஆளைப் பார் என்கிறேன்.

பயிற்சியை நடத்தப்போகிறவரின் சாதாரண வகுப்புக்கு ஒற்றை டிக்கெட் வாங்கிப் போ. காலை வேளை, மாலை வேளை இரண்டிலும் போய்ப் பார். முதுகுவலி, இரத்த அழுத்தம், கர்ப்பம் உண்டா என்று தொடங்குமுன் கேட்கிறாரா? கைகளை மடக்கி உடலைத் தரைக்கு மேலே தாங்கும் சதுரங்க தண்டாசனத்தில் தோள் சரிகிற புதியவளிடம் முட்டியைத் தரையில் வைக்கச் சொல்கிறாரா, அல்லது தன் பாயிலேயே வித்தை காட்டிக்கொண்டிருக்கிறாரா? தொட்டுத் திருத்துமுன் அனுமதி கேட்கிறாரா? பாட்டின் வேகத்துக்கு மூச்சை இழுக்க வைக்கும் வகுப்பு எனக்கு ஆகாது. அதற்கு நடன வகுப்பே போதும். நேரமாகிவிட்டது என்று கடைசியில் படுத்து ஓய்வெடுக்கும் சவாசனத்தைச் சுருக்குகிறவரிடமும் நான் இரண்டாம் முறை போக மாட்டேன். பிறகு அலுவலகத்தில் கேள்: 200 மணியில் சுவரொட்டியில் இருப்பவர் எத்தனை மணி நிற்பார், உடற்கூறு யார் எடுக்கிறார், மாணவர்கள் எழுந்து வகுப்பெடுத்துப் பழக எவ்வளவு நேரம்? முன்பு முடித்தவர் ஒருவரோடு பேசலாமா என்றும் கேள். இழுத்தடித்தால் வந்துவிடு.

ஊர் முகாம் விஷயம். இங்கே பங்களாக்களின் வளவில், அதாவது உள்முற்றத்தில், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில், விடியற்காலையில் உட்கார்ந்து மூச்சுவிடுவது சுகம்தான். நானே ஒரு வாரம் போவேன். ஆனால் பத்து நாளில் 200 மணி என்று யாராவது சொன்னால் நாளுக்கு 20 மணி வருகிறது, நீயே வகுத்துப் பார். விடுமுறையில் உருப்படியாகக் கற்க வேண்டுமானால் சென்னைக்குப் போ. கிருஷ்ணமாச்சாரியாரின் மகன் தேசிகாச்சார் 1976இல் தொடங்கிய ‘கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம்’ என்ற நிலையம் அங்கே இருக்கிறது. ஃப்ளோ வகுப்பின் வேகம் அங்கே கிடைக்காது. ஆளுக்கேற்ப ஆசனத்தையும் மூச்சையும் அமைக்கிற முறை அவர்களுடையது. உன் அம்மா மனவளக்கலை மன்றத்தில் செய்வது வேறு வகை, அதையும் இதையும் குழப்பிக்கொள்ளாதே.

ஆண்டுச் சந்தாவை மொத்தமாகக் கட்டாதே. எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படிக் கட்டி, நிலையம் மூடியதும் மீதி வகுப்புகளைப் பறிகொடுத்தார். உன் பேட்டையின் சமூக மன்றத்தில் யோகா வகுப்பு இருக்கும், கட்டணம் குறைவு. முதல் சில மாதங்கள் அங்கே உடம்பைப் பழக்கு.

பாய் இங்கிருந்து வாங்கி வரவா என்று கேட்டாயே, வேண்டாம். கோரைப்பாய் வியர்வையில் வழுக்கும். பிடிப்புள்ள ரப்பர் பாயை அங்கேயே வாங்கிக்கொள்.