ஓடிபி வராமலேயே பணம் போகுமா? சென்னைக்குப் புதிதாக வந்தவருக்கு ஒரு பதில்

கேள்வி: ஈப்போவிலிருந்து வேலைக்காகச் சென்னை வந்து நான்கு மாதம் ஆகிறது. சோழிங்கநல்லூரில் வாடகை வீடு. டெபிட் கார்டு என் பர்ஸிலேயே இருக்கிறது, ஓடிபி எதுவும் வரவில்லை. ஆனாலும் நேற்று இரவு ஏதோ ஒரு வெளிநாட்டுத் தளத்தில் 11,800 ரூபாய் போய்விட்டதாக எஸ்எம்எஸ். கிளையில் கேட்டால் "எழுதிக் கொடுத்துட்டுப் போங்க, பார்க்கலாம்" என்கிறார்கள். பணம் திரும்புமா? இனி இந்த ஊரில் எப்படிக் கணக்கைப் பாதுகாப்பது?

தம்பி, திரும்ப நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் நாள் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் வேலை முதலில், விளக்கம் பிறகு.

பேங்க் ஆப்பைத் திறந்து கார்டை நிரந்தரமாக பிளாக் செய்யுங்கள். பக்கத்திலேயே தற்காலிக லாக் என்றும் ஒரு பட்டன் இருக்கும். அது கார்டு சோபா இடுக்கில் கிடக்கிறதோ என்ற சந்தேகத்துக்கு. உங்களுடையது எண் வெளியே போன கார்டு. என்றைக்குத் திறந்தாலும் அதே எண்தான் உயிர் பெறும். பிளாக் செய்ததும் வரும் எஸ்எம்எஸ்ஸை அழிக்காதீர்கள், நேரத்துக்கு அதுதான் சாட்சி.

அடுத்து 1930, இணையப் பண மோசடியைப் புகார் செய்யும் எண். மலேசியாவில் 997 என்ன செய்கிறதோ அந்த வேலையை இங்கே செய்யும் எண் இது. கூப்பிடும்போது கணக்கு எண், கார்டின் கடைசி நான்கு இலக்கம், தொகை, நேரம், ஸ்டேட்மென்டில் இருக்கும் 12 இலக்க ரெஃபரன்ஸ் எண் எல்லாம் கையில் இருக்கட்டும். லைன் கிடைக்காவிட்டால் சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் நேரடியாகப் பதியலாம். பணம் இந்தியாவுக்குள் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குப் போயிருந்தால், முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் 1930 கூப்பிட்டவர்களின் பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க முடிகிறது. உங்களுடையது வெளிநாட்டு வியாபாரியிடம் போனது, அதை மீட்பது போலீஸ் அல்ல, "இது என் வாடிக்கையாளர் செய்ததல்ல" என்று பேங்க் போடும் மறுப்பு, அதாவது டிஸ்ப்யூட்தான். ஆனாலும் 1930-இல் கிடைக்கும் ஒப்புகை எண்ணைப் பேங்க் கேட்கும், அதனால் விடாதீர்கள்.

இனி கிளை. "பார்க்கலாம்" என்று வாயால் சொன்னதற்கு மதிப்பில்லை. இரண்டு பிரதியாகக் கடிதம் எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதுவது நல்லது, டிஸ்ப்யூட்டைப் பார்க்கும் குழு வேறு ஊரில் இருக்கும். இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன ரெஃபரன்ஸ் எண்ணில் நடந்த பரிவர்த்தனை நான் செய்ததல்ல. கார்டு என்னிடமே இருந்தது. பின், ஓடிபி, சிவிவி எதையும் யாருக்கும் சொல்லவில்லை. எஸ்எம்எஸ் வந்தது இத்தனை மணி, கார்டை பிளாக் செய்தது இத்தனை மணி. வாடிக்கையாளர் செய்யாத பரிவர்த்தனை குறித்த ரிசர்வ் வங்கி விதிகளின்படி தொகையைத் திரும்ப வரவு வைக்கவும். அவ்வளவு போதும். உங்கள் பிரதியில் தேதியோடு சீலும் கையெழுத்தும் வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள். அதே கடிதத்தை அன்றே பேங்கின் புகார் மின்னஞ்சலுக்கும் அனுப்புங்கள்.

2017 ஜூலை 6 அன்று சுற்றறிக்கையாக வந்த அந்த விதிகளின் பெயரைச் சொன்னாலே சில மேலாளர்களின் தொனி மாறும். தவறு உங்களுடையதும் இல்லை, பேங்குடையதும் இல்லை, நடுவில் எங்கோ கசிந்தது என்றால், பேங்க் தகவல் வந்ததிலிருந்து மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தவருக்கு நஷ்டம் பூஜ்யம். நான்கிலிருந்து ஏழு நாள் என்றால் கையை விட்டுப் போவதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு, சாதாரண சேமிப்புக் கணக்குக்கு 10,000 ரூபாய். ஏழைத் தாண்டினால் பேங்கின் சொந்தக் கொள்கைப்படி. எஸ்எம்எஸ் வந்த நாள் கணக்கில் சேராது. வியாழன் இரவு வந்தது என்று வையுங்கள். வெள்ளி ஒன்று. இரண்டாம் அல்லது நான்காம் சனிக்கிழமையென்றால் பேங்க் லீவு, ஞாயிறு எப்படியும் லீவு. திங்கள் இரண்டு, செவ்வாய் மூன்று. தெரிவித்த பத்து வேலை நாளுக்குள் தொகையைத் தற்காலிகமாகவாவது கணக்கில் வைக்க வேண்டும், 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தப்பு வாடிக்கையாளர் மீது என்றால் அதை நிரூபிக்க வேண்டியது பேங்க்.

ஒரு விஷயத்தில் மட்டும் இந்தக் கவசம் வேலை செய்யாது. ஓடிபியையோ பின்னையோ நீங்களே சொல்லியிருந்தால், தெரிவிக்கும் நிமிஷம் வரை போனது உங்கள் நஷ்டம். தெரிவித்த பிறகு போவதுதான் பேங்குடையது. சொல்லிவிட்ட வெட்கத்தில் இரண்டு நாள் கழித்துப் போகிறவர்கள் அந்த இரண்டு நாளில் போனதையும் சேர்த்து இழக்கிறார்கள்.

30 நாளில் பேங்க் பதில் சொல்லவில்லை, அல்லது சொன்ன பதில் சரியில்லை என்றால் பேங்க் மீதான புகார்களைத் தீர்க்கும் ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மன். சிஎம்எஸ் டாட் ஆர்பிஐ டாட் ஓஆர்ஜி டாட் இன் தளத்தில் இலவசமாகப் பதியலாம், வக்கீல் வேண்டாம். சீல் வாங்கிய அந்தப் பிரதி இங்கேதான் கைகொடுக்கும்.

சரி, ஓடிபி இல்லாமல் எப்படிப் போனது? இந்தியத் தளங்களில் கார்டு எண்ணைப் போட்டால் ஓடிபி போன்ற இரண்டாவது உறுதிப்பாடு கட்டாயம். வெளிநாட்டு வியாபாரிகள் பலர் அதைக் கேட்பதே இல்லை. எண், காலாவதி மாதம், சிவிவி மூன்றும் இருந்தால் முடிந்தது. 2020-க்குப் பிறகு வழங்கும் கார்டுகள் உள்நாட்டு ஏடிஎம்மிலும் கடை மெஷினிலும் மட்டும் வேலை செய்யும்படிதான் வரும். ஆன்லைன், வெளிநாடு, டேப் (கார்டை மெஷினில் தட்டிக் கட்டுவது) மூன்றையும் நாமே ஆப்பில் ஆன் செய்ய வேண்டும். ஆகவே நீங்கள் ஏதோ ஒரு மலேசியச் சந்தாவுக்காக வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆன் செய்து அப்படியே விட்டிருப்பீர்கள் என்பது என் ஊகம். புதுக் கார்டு வந்ததும் அதை ஆஃபிலேயே வையுங்கள். தேவைப்படும்போது ஆன், பணம் கட்டியதும் ஆஃப். அரை நிமிஷ வேலை. டேப் வசதியும் அப்படித்தான். மலேசியாவில் 250 ரிங்கிட் வரை பின் கேட்காதது போல இங்கே 5,000 ரூபாய் வரை கேட்காது, கார்டு தொலைந்தால் எடுத்தவர் 4,900, 4,950 என்று தட்டிக்கொண்டே போவார். தினசரி வரம்பையும் இறக்குங்கள். ஏடிஎம்முக்கு 10,000 போதும்.

ஆனால் நிஜமான கவனம் கார்டில் இல்லை, உங்கள் போன் நம்பரில் இருக்க வேண்டும். மலேசிய பேங்குகள் எஸ்எம்எஸ் ஓடிபியை விட்டு ஆப் ஒப்புதலுக்குப் போய்விட்டன. இங்கே இன்னும் பெரும்பாலும் எஸ்எம்எஸ்தான். யுபிஐ, நெட் பேங்கிங், கார்டு மூன்றுக்கும் சாவி அந்த ஒரு சிம். புதிதாக வருகிறவர்கள் செய்யும் பெரிய பிழை இதில்தான். பாஸ்போர்ட், விசா பேப்பர் அலைச்சலுக்குப் பயந்து வீட்டு ஓனர் பெயரிலோ ஆபீஸ் நண்பர் பெயரிலோ சிம் வாங்கி, அதையே பேங்கில் கொடுத்துவிடுகிறார்கள். அந்த சிம் தொலைந்தால் மாற்று சிம் வாங்க அந்த ஆள் நேரில் வர வேண்டும். அவர் ஊர் மாறியிருந்தால் ஓடிபி எதுவும் வராது, கணக்கே பூட்டியது மாதிரிதான். எப்பாடுபட்டாவது உங்கள் பெயரில் ஒரு சிம் வாங்கி, கிளையில் நம்பரை மாற்றுங்கள். விசா தேதி முடிந்தால் சிம்மும் நிற்கலாம், நீட்டிப்பு கிடைத்ததும் அந்தப் பேப்பரை சிம் கடையிலும் காட்டுங்கள்.

சிம்முக்கு ஒரு பின் லாக் போடுங்கள், போன் செட்டிங்ஸில் இருக்கும். கம்பெனி வைத்த ஆரம்ப எண் எது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், மூன்று முறை தப்பாகப் போட்டால் சிம் பூட்டிக்கொண்டு, அதைத் திறக்கும் பியூகே எண்ணைக் கேட்கும். எதற்கு இது? பீச் ஸ்டேஷன் மின்சார ரயிலிலோ நெரிசலான 102 பஸ்ஸிலோ போனை உருவியவன் ஸ்கிரீன் லாக்கை உடைக்கத் தேவையில்லை. சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் ஓடிபி அவனுக்கு வரும். பின் லாக் இருந்தால் வராது. லாக் ஸ்கிரீனில் எஸ்எம்எஸ் உள்ளடக்கம் தெரியாதபடியும் மாற்றுங்கள். போன் போய்விட்டால் வரிசை இதுதான்: பேங்கைக் கூப்பிட்டு கார்டு, யுபிஐ முடக்கம், சிம் கம்பெனியில் சிம் முடக்கம், அப்புறம் போலீஸ். ஸ்டேஷனில் உடனே எஃப்ஐஆர் போடாமல், புகார் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீது தருவார்கள். மாற்று சிம்முக்கு அது பெரும்பாலும் போதும். சோழிங்கநல்லூர் தாம்பரம் கமிஷனரேட் எல்லை, வேப்பேரியில் உள்ள சென்னை கமிஷனர் ஆபீஸுக்கு அலைய வேண்டாம்.

திடீரென்று போனில் சிக்னல் செத்து, பக்கத்தில் அதே கம்பெனி சிம் வைத்திருப்பவருக்கு வேலை செய்கிறது என்றால் டவர் பிரச்சினை என்று தூங்கப் போகாதீர்கள். உங்கள் பெயரில் யாரோ டூப்ளிகேட் சிம் வாங்கியிருக்கலாம்.

இந்த ஊரில் சுற்றும் தந்திரங்களில் புதியவர்கள் அதிகம் மாட்டுவது ஈபி மெசேஜ். "போன மாத பில் கட்டவில்லை, இன்றிரவு 9.30-க்கு மின்சாரம் துண்டிக்கப்படும், அதிகாரியை அழைக்கவும்" என்று ஒரு பத்து இலக்க எண்ணிலிருந்து வரும். இங்கே பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, இணைப்பு ஓனர் பெயரில் இருக்கும், கட்டினாரா என்று உங்களுக்குத் தெரியாது. அந்தச் சந்தேகமே அவர்களுக்கு முதலீடு. கூப்பிட்டால் "பத்து ரூபாய் கட்டி அப்டேட் பண்ணுங்க சார்" என்று ஸ்கிரீன் காட்டும் ஆப் ஒன்றை இறக்கச் சொல்வார்கள். அதன் பிறகு நீங்கள் பார்க்கும் ஓடிபியை அவர்களும் பார்க்கிறார்கள். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம் என்ற பெயரில் வரும், திறந்தால் ஆப்பை நிறுவும் ஏபிகே கோப்பும் இதே வேலையைத்தான் செய்யும், கூடவே எஸ்எம்எஸ்ஸை வேறு எண்ணுக்கு அனுப்பும். பேங்கிலிருந்து வரும் எஸ்எம்எஸ் பத்து இலக்க எண்ணிலிருந்து வராது, எழுத்துகள் கொண்ட பெயரிலிருந்துதான் வரும். பேங்க் தளங்களும் இப்போது டாட் பேங்க் டாட் இன் என்றுதான் முடிகின்றன.

ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்தால் பதறி கூகுளில் கஸ்டமர் கேர் நம்பர் தேடாதீர்கள். மேலே வருவது மோசடிக்காரரின் எண்ணாக இருக்கலாம். அந்தப் பணம் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. சரியான எண் கார்டின் பின்பக்கத்தில் இருக்கிறது, ஒரு தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். ஏடிஎம்மில் கார்டு சிக்கியதும் பின்னால் நிற்பவர் உதவ வந்தால் மறுத்துவிடுங்கள். அதே பேங்கின் வேறொரு கார்டைக் கையில் தருவார்கள், நிறம் ஒன்றுதான், பெயரைப் பார்த்தால்தான் தெரியும். தி.நகர் துணிக்கடை கூட்டத்தில் கல்லாவில் இருப்பவர் "பின் சொல்லுங்க சார்" என்று சத்தமாகக் கேட்பார். கெட்ட எண்ணமாக இருக்காது, அவசரம்தான். மெஷினைக் கேட்டு வாங்கி நீங்களே கையால் மறைத்து அழுத்துங்கள்.

நம் ஆட்களுக்கென்று ஒன்று இருக்கிறது, இதை யாரும் சொல்வதில்லை. ரிங்கிட்டை அங்கே ஒருவர் கணக்கில் போட்டு, ரூபாயை இங்கே வாங்கிக்கொள்ளும் கைமாற்று. ரேட் நன்றாக இருக்கும், சட்டப்படி தப்பு என்பது ஒருபுறம். ரூபாய் உங்களுக்கு வருவது முன்பின் தெரியாத ஒரு கணக்கிலிருந்து. அது எங்கோ வடக்கே ஒருவரிடம் ஏமாற்றிய பணமாக இருந்தால், அந்த மாநில சைபர் போலீஸ் பணம் போன தடத்தில் உள்ள கணக்குகளையெல்லாம் முடக்கச் சொல்லும். ஒருநாள் காலையில் உங்கள் சம்பளக் கணக்கு நின்றுபோகும், கிளையில் ஒரு புகார் எண்ணை நீட்டுவார்கள், அந்த ஊர் ஸ்டேஷனோடு நீங்கள் பேசித் தீர்க்க வேண்டும். பேங்க் வழியாகவோ உரிமம் உள்ள பணப் பரிமாற்ற நிறுவனம் வழியாகவோ அனுப்புங்கள், நாலு காசு கூடப் போனாலும் பரவாயில்லை.

கணக்கை இரண்டாகப் பிரிப்பதும் நல்லது. சம்பளம் விழும் கணக்கில் கார்டை லாக்கிலேயே வைத்து, யுபிஐ இணைக்காமல் விடுங்கள். வேறு பேங்கில் ஒரு செலவுக் கணக்கு, வாரம் 5,000 மாற்றிக்கொண்டால் டீக்கடை முதல் மெட்ரோ வரை அதிலேயே ஓடும். யார் எதைத் திருடினாலும் அந்த வாரத்துக்கானதுதான் போகும்.

தீபாவளிக்கு ஈப்போ போகும்போது சிம்மைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். ரோமிங் ஆன் செய்து, ரீசார்ஜ் தீராமல் பாருங்கள். 90 நாள் பயன்பாடே இல்லாத ப்ரீபெய்டு எண்ணைக் கம்பெனி எடுத்து வேறொருவருக்குத் தரலாம், உங்கள் ஓடிபி அவர் போனில் விழும். வேலை முடிந்து மொத்தமாகத் திரும்புகிற நாள் வந்தால், முதலில் யுபிஐயை நீக்கி, தானாகக் கழியும் சந்தாக்களை நிறுத்தி, கணக்கை மூடுங்கள் அல்லது இந்தியாவில் வசிக்காதவருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றுங்கள். அது முடிந்து எழுத்தில் வந்த பிறகுதான் சிம்மை விட வேண்டும்.