மேலாளருக்கு வாழ்த்தும் ‘ஃப்ளாபர்காஸ்டட்’டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் மேலாளருக்குப் பதவி உயர்வு. ‘ஐ ஆம் வெரி ஃப்ளாபர்காஸ்டிங் டு ஹியர் அபவுட் யுவர் ப்ரமோஷன்’ என்று மின்னஞ்சல் அனுப்பினேன். பக்கத்து இருக்கைக்காரர் படித்துவிட்டுச் சிரிக்கிறார். ஆச்சரியத்தைச் சொல்லும் சொல்தானே, எங்கே தப்பு?

வங்கி ஊழியர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

மூன்று இடத்தில் தப்பு. முதல் இரண்டும் இலக்கணம், சட்டென்று திருத்திவிடலாம்.

ஆளை வாயடைக்க வைக்கிற செய்திதான் ‘ஃப்ளாபர்காஸ்டிங்’. வாயடைத்துப்போன ஆள் ‘ஃப்ளாபர்காஸ்டட்’. ‘ஐ ஆம் போர்ட்’ என்றால் எனக்கு அலுப்பாக இருக்கிறது. ‘ஐ ஆம் போரிங்’ என்றால் நானே ஒரு அறுவை. அதே கணக்குதான்.

அடுத்து ‘வெரி’. ‘வெரி சர்ப்ரைஸ்ட்’ சரி, சாதாரண ஆச்சரியம் கூடும், குறையும். ஃப்ளாபர்காஸ்டட் ஏற்கெனவே உச்சியில் நிற்கிற சொல். அதற்கு ‘அப்ஸல்யூட்லி’, ‘கம்ப்ளீட்லி’, ‘அட்டர்லி’தான் பொருந்தும். பின்னால் ‘டு ஹியர்’ போட்டது சரியே. வினைக்குப் பதில் பெயர்ச்சொல் வந்தால் ‘அட்’ அல்லது ‘பை’ போடுங்கள். ‘வித்’ வேண்டாம்.

உங்கள் நண்பர் சிரித்தது பெரும்பாலும் மூன்றாவதற்காக. இந்தச் சொல்லில் வெறும் வியப்பு இல்லை, ‘இப்படி நடக்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை’ என்பதும் சேர்ந்தே வரும். பதவி உயர்வு கிடைத்தவரிடம் போய் அதைச் சொன்னால், “உங்களுக்கா? பதவி உயர்வா?” என்று கேட்டதாக ஆகிவிடும்! இரண்டு அறை வீட்டுக்கு இருபதாயிரம் ரூபாய் மின்கட்டணம் வந்தால், ‘ஐ வாஸ் அப்ஸல்யூட்லி ஃப்ளாபர்காஸ்டட் அட் த பில்’ என்று தாராளமாகச் சொல்லுங்கள். அங்கே கச்சிதமாக உட்காரும். உச்சரிக்கும்போது அழுத்தம் ‘ஃப்ளா’வில், கடைசி அசை, எழுத்தில் எப்படி இருந்தாலும், ‘டிட்’ என்றே ஒலிக்கும்.

1772-இல் லண்டனின் ‘ஆனுவல் ரெஜிஸ்டர்’ என்ற ஆண்டு இதழ் இதையும் ‘போர்ட்’டையும் புது நாகரிகச் சொற்கள் என்று ஒன்றாகக் கிண்டல் செய்திருக்கிறது. போர்ட் இன்று எங்கும் புழங்குகிறது. ஃப்ளாபர்காஸ்டட் மட்டும் இன்னும் அரட்டைச் சொல்லாகவே இருக்கிறது. அலுவலகக் கடிதத்தில் அதிர்ச்சியைச் சொல்ல வேண்டி வந்தால்கூட ‘அஸ்டானிஷ்ட்’ போதும்.

வாழ்த்துக்கு ஆச்சரியமே தேவையில்லை. ‘ஐ ஆம் டிலைட்டட் டு ஹியர் அபவுட் யுவர் ப்ரமோஷன்’ என்று எழுதி, முடிந்தால் இன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.