“அது எங்கயும் போகாதே, டீச்சர்”: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

தருமபுரி மாவட்டத்தில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். சென்ற மாதம் மூன்றாம் வகுப்புக்கு ‘உயிருள்ளவை, உயிரற்றவை’ பாடம் எடுத்தேன். படங்களை வெட்டி ஒட்டி இரண்டு கட்டம் போட்டு சார்ட் செய்தேன். தொட்டாற்சிணுங்கிச் செடியைத் தொட்டியோடு கொண்டுவந்து காட்டினேன். தேர்வில் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் சரியாக எழுதினார்கள். அடுத்த வாரம் வேப்பமரத்தடியில் சத்துணவு சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, “இந்த மரத்துக்கு உயிர் இருக்கா?” என்று சும்மா கேட்டேன். “இல்ல டீச்சர், அது எங்கயும் போகாதே” என்றான் ஒரு பையன். “மேகத்துக்கு இருக்கு, அது போகுதுல்ல” என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி, “எங்க வீட்டு மூட்டையில இருக்கிற அரிசிக்கு உயிர் இருக்கா டீச்சர்?” என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

குழந்தைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று ஆராய்ந்த உளவியலாளர்கள் பியாஜே, வைகாட்ஸ்கி, புரூனர் எல்லாரையும் பயிற்சியின்போது தேர்வுக்காகப் படித்தேன். இப்போது பாடக்குறிப்பில் ஒரு வரி எழுதுவதோடு சரி. வகுப்பறையில் அவர்களால் உண்மையிலேயே பயன் உண்டா? “இந்த வயசுக்கு இது ஏறாது, விட்டுடுங்க. பியாஜேயே அதைத்தான் சொல்றார்” என்கிறார் உடன் பணிபுரியும் மூத்த ஆசிரியர். அது சரிதானா?

ஒரு வாசகி

*

அன்புள்ள ஆசிரியைக்கு,

சரியில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இந்த வயதுக்கு ஏறாது என்று விட்டுவிடாதீர்கள். பியாஜேயின் பெயரால் நம் பள்ளிகளில் நடக்கும் பெரிய அநியாயம் இதுதான்.

உங்கள் பிள்ளைகள் பாடத்தை மறக்கவில்லை. தேர்வில் எழுதியது உங்கள் சார்ட்டில் இருந்த விடை, மரத்தடியில் சொன்னது அவர்களுடைய சொந்த விடை. முன்னது பின்னதைத் தொடவே இல்லை. கற்றல் கோட்பாடுகளில் நமக்கு வேண்டிய பகுதி அநேகமாக முழுவதும் இந்த இடைவெளியைப் பற்றியதுதான்.

பியாஜே 1920களில் ஜெனீவாவில் குழந்தைகளோடு உட்கார்ந்து கேட்ட கேள்விகளில் நீங்கள் கேட்டதும் ஒன்று. சூரியனுக்கு உயிர் உண்டா, காற்றுக்கு, சைக்கிளுக்கு, மேசைக்கு? விடை சரியா தவறா என்று பார்ப்பதோடு அவர் நிற்கவில்லை, “எப்படித் தெரியும்?” என்று விடாமல் கேட்டார். 1926இல் வந்த நூலில் அவர் ஒரு வரிசையைக் காட்டினார். முதலில், ஏதாவது வேலை செய்வதெல்லாம் உயிருள்ளது. அடுத்து, அசைவதெல்லாம் உயிருள்ளது. பிறகு, தானாக அசைவது மட்டும். கடைசியில்தான் விலங்குகள், அல்லது விலங்குகளும் தாவரங்களும் மட்டும். உங்கள் பையனும் மேகத்தைச் சொன்ன பெண்ணும் ஒரே விதியைத்தான் பயன்படுத்துகிறார்கள். மரம் நகரவில்லை, ஆகவே இல்லை. மேகம் நகர்கிறது, ஆகவே உண்டு. இரண்டு பேரும் தங்கள் விதிக்கு உண்மையாக இருக்கிறார்கள். எட்டு வயதில் ஒரு விதியைப் பிடித்து அதைப் புதிய பொருளின்மீது பிசகில்லாமல் வைத்துப் பார்ப்பது சாதாரணமான காரியமில்லை.

பியாஜே விலங்கியலிலிருந்து வந்தவர் என்பதையும் சொல்ல வேண்டும். பத்து, பதினொரு வயதில் வெண்குருவி ஒன்றைப் பார்த்து அதைப் பற்றிக் குறிப்பு எழுதி அச்சில் வரவைத்தவர். முனைவர் பட்ட ஆய்வு நத்தை இனங்களைப் பற்றியது. குழந்தையின் தவறான விடையையும் அதே கண்ணோடு பார்த்தார். நம் வகுப்பறைக்கு அவரிடமிருந்து முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தப் பார்வையைத்தான். குழந்தையின் சிந்தனை வயதுக்கேற்பப் படிப்படியாக மாறுகிறது என்ற அவருடைய வயதுக் கட்டங்கள் அதற்குப் பிறகு.

அந்தக் கட்டங்களை அப்படியே ஏற்கவும் வேண்டியதில்லை. சூரியன், காற்று என்று குழந்தைக்குத் தொலைவான பொருள்களைக் கேட்டால் குழப்பமான விடைதான் வரும் என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். எனக்கு மிகவும் பிடித்தது ஜப்பானில் ஹதானோவும் இனாகாகியும் செய்த ஆய்வு. வீட்டில் தங்கமீன் வளர்த்த ஐந்து வயதுக் குழந்தைகளிடம் அவர்கள் தவளையைப் பற்றிக் கேட்டார்கள். தவளையை எப்போதும் குட்டியாகவே வைத்திருக்க முடியுமா? மீன் பெரிதானது, அதைப் போலத் தவளையும் பெரிதாகும் என்ற வகையில் அந்தக் குழந்தைகள் காரணம் சொன்னார்கள். வளர்க்காத குழந்தைகளிடம் அந்த அளவுக்கு அது வரவில்லை. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் கிராமப்புறக் குழந்தைகளை நகரக் குழந்தைகளோடு ஒப்பிட்ட ஆய்வும் இதே திசையில்தான் போகிறது. நகரக் குழந்தை எல்லா உயிரையும் மனிதனை வைத்தே யோசிக்கிறது. காடு, கழனியோடு பழகிய குழந்தைக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

இது உங்கள் வகுப்புக்கு நேராகப் பொருந்துகிறது. ஆடு குட்டி போடுவதையும் கோழி அடைகாப்பதையும் உங்கள் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். ராகி விதைப்பதைப் பார்த்திருக்கிறார்கள். கூழுக்கும் மாவுக்கும் அம்மா ராகியை ஊறவைத்துத் துணியில் முடிந்து முளைகட்டுவதைத் தினசரி வேலையாகப் பார்த்திருக்கிறார்கள். இவ்வளவையும் வீட்டில் விட்டுவிட்டு, சிங்கம், கார், பொம்மை என்று வெட்டி ஒட்டிய படங்களைப் பார்க்க அவர்கள் பள்ளிக்கு வருகிறார்கள். இந்த இடத்தில்தான் வைகாட்ஸ்கி வேண்டும். அன்றாட அனுபவத்திலிருந்து வரும் கருத்து கீழிருந்து மேலே வளர்கிறது, பள்ளி தரும் கருத்து மேலிருந்து கீழே இறங்குகிறது, இரண்டும் சந்திக்க வேண்டும் என்பது அவர் சொன்னதன் சாரம். 1934இல், முப்பத்தேழு வயதில் காசநோயில் இறந்துபோன மனிதர். அவருடைய முக்கியமான நூல் அதே ஆண்டில்தான் வெளிவந்தது. குழந்தை தனியாகச் செய்ய முடியாமல், பிறர் உதவியோடு செய்யக்கூடியவற்றுக்கு அவர் வைத்த ‘அண்மை வளர்ச்சி மண்டலம்’ என்ற பெயரைப் பயிற்சி நிறுவனங்களில் மனப்பாடம் செய்யவைத்து அவரை முடித்துவிடுகிறோம்.

இனி தொட்டாற்சிணுங்கி. நல்லெண்ணத்தில்தான் கொண்டுவந்தீர்கள், நிறைய ஆசிரியர்கள் செய்வதுதான். ஆனால் அசைவதுதான் உயிர் என்று நம்பும் குழந்தை அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்ன முடிவுக்கு வரும்? இந்தச் செடிக்கு உயிர் உண்டு, ஏனென்றால் அசைகிறது. வேம்புக்கு இல்லை, ஏனென்றால் அசையவில்லை. பழைய விதி உடையாமல் இன்னும் உறுதியாகிறது. பிள்ளைகள் தலையில் என்ன விதி ஓடுகிறது என்று தெரிந்த பிறகுதான் எந்த எடுத்துக்காட்டு உதவும், எது கெடுக்கும் என்று தீர்மானிக்க முடியும். படிக்கிறவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்பதே கற்றலைத் தீர்மானிக்கும் முதல் விஷயம், அதைக் கண்டறிந்து அதற்கேற்பக் கற்பியுங்கள் என்று கல்வி உளவியலாளர் அசுபெல் 1968இல் எழுதினார். உங்கள் கேள்விக்கு நான் ஒரே வரியில் பதில் சொல்ல வேண்டுமென்றால் அதைத்தான் சொல்வேன்.

அடுத்த முறை இந்தப் பாடத்தை ஒரு வாரத்துக்குப் பரப்புங்கள். முதல் நாள் எதையும் சொல்லித்தர வேண்டாம், கேளுங்கள். ஆடு, வேப்பமரம், மேகம், தீ, சைக்கிள், முட்டை, பச்சைப்பயறு, உதிர்ந்த இலை, நாம். ஒவ்வொன்றுக்கும் “எப்படிச் சொல்ற?” என்று கேட்டு, வந்த காரணங்களைப் பிள்ளைகளின் சொற்களிலேயே கரும்பலகையில் எழுதுங்கள். திருத்த வேண்டாம். அன்று திருத்தினால் மறுநாள் முதல் உங்களுக்குப் பிடித்த விடையை மட்டும்தான் சொல்வார்கள்.

இரண்டாம் நாள் பயறு. ஒரு கை பச்சைப்பயறை அப்படியே ஊறவையுங்கள். இன்னொரு கை பயறை வேகவைத்து ஆறவிடுங்கள். மூன்றாவதாக அதே அளவு சிறு கற்கள். மூன்றையும் தனித்தனி ஈரத்துணியில் வைப்பதற்கு முன், என்ன ஆகும் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும், எழுதியும் வைக்க வேண்டும். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். தான் சொன்னது நடக்கிறதா என்று பார்க்கிற குழந்தைதான் உண்மையில் பார்க்கிறது. மறுநாள் வேகவைத்ததும் வேகவைக்காததும் இரண்டுமே உப்பியிருக்கும். பெரிதாவதெல்லாம் வளர்ச்சி என்று நினைத்தவர்கள் அங்கே ஒரு கணம் நிற்பார்கள். அதற்கடுத்த ஓரிரு நாளில் ஒன்று மட்டும் வேர் விடும். மற்றது நாற ஆரம்பிக்கும், கல் கல்லாகவே இருக்கும். “ரெண்டும் தண்ணி குடிச்சுது. ஏன் ஒண்ணு மட்டும் முளைச்சுது?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். வெந்ததில் உயிர் போய்விட்டது என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லும். அப்படியானால் வேகாததில்? அந்தக் கேள்வியும் அவர்களிடமிருந்தே வரட்டும். அசையாத, சத்தமில்லாத, மூட்டையில் மாதக்கணக்கில் கிடந்த ஒன்றில் உயிர் இருந்திருக்கிறது என்று அவர்களாகவே கண்டுபிடிக்கும்போது, அசைவு என்ற விதி முதன்முறையாக ஆட்டம் காணும்.

பழைய கருத்து போதவில்லை என்று தோன்ற வேண்டும், புதியது புரிய வேண்டும், நம்பும்படி இருக்க வேண்டும், மேலும் பல இடங்களில் பயன்பட வேண்டும். அப்போதுதான் ஒருவர் தன் கருத்தை மாற்றிக்கொள்வார் என்று கல்வி ஆய்வாளர் போஸ்னரும் உடன் ஆய்வாளர்களும் 1982இல் எழுதினார்கள். இந்த நான்கில் முதலாவது நம் வகுப்புகளில் நடப்பதே இல்லை. பயறு அதைத்தான் செய்கிறது.

அரிசியைக் கேட்ட பெண்ணுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். அவளுக்கான பதில் இது: நெல்லுக்கு உயிர் உண்டு. வயலுக்குப் போகும் விதைநெல் ஊறினால் முளைவிடுவது அதனால்தான். நெல்லை அரைத்துத் தீட்டும்போது உமியும் தவிடும் போகின்றன. அவற்றோடு அரிசியின் ஒரு முனையில் இருக்கும் கருவும் பெரும்பாலும் போய்விடுகிறது. எஞ்சுவது அந்தக் கரு வளர்வதற்கு இருந்த உணவு மட்டும். புழுங்கலரிசி என்றால் நெல்லாக இருக்கும்போதே வேகவைத்துவிட்டோம். ஆகவே மூட்டையில் இருக்கும் அரிசி உயிர் இருந்து போனது. விதைநெல், கடை அரிசி இரண்டையும் அவளையே ஊறவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். விதைக்குள் உயிர் எவ்வளவு காலம் காத்திருக்கும் என்று கேட்டால், இஸ்ரேலில் மசாடா கோட்டையில் கிடைத்த, ஏறக்குறைய 2000 ஆண்டுப் பழமையான பேரீச்சங்கொட்டை 2005இல் முளைத்ததைச் சொல்லலாம்.

‘உயிர் இருந்து போனது’ என்ற மூன்றாவது கட்டம் உங்கள் சார்ட்டில் இல்லை. உதிர்ந்த இலை, பெஞ்சுப் பலகை, வேகவைத்த பயறு எல்லாம் அங்கே போக வேண்டியவை. இரண்டே கட்டம் போட்டால் பலகையும் கல்லும் ஒன்றாகிவிடும்.

தீயைப் பற்றி எச்சரிக்கை. புத்திசாலிப் பிள்ளை கட்டாயம் கேட்கும். தீ ‘தின்கிறது’, வளர்கிறது, பரவுகிறது, காற்று இல்லாவிட்டால் ‘சாகிறது’. உயிரினப் பண்புகள் என்று நாம் எழுதிப்போடும் பட்டியலில் பாதிக்கு மேல் தீக்குப் பொருந்தும். இனப்பெருக்கம் செய்யாத கோவேறு கழுதையோ அதே பட்டியலின்படி உயிரற்றதாகிவிடும். எந்தப் பாடத்தையும் நேர்மையான ஒரு வடிவத்தில் எந்த வயதுக் குழந்தைக்கும் கற்பிக்கலாம் என்று புரூனர் 1960இல் சொன்னபோது ‘நேர்மையான’ என்ற நிபந்தனையை வேண்டுமென்றே வைத்தார் என்று நினைக்கிறேன். மூன்றாம் வகுப்புக்கு நேர்மையான வடிவம் இப்படி இருக்கலாம்: தீ தீப்பெட்டியிலிருந்தும் வரும், மின்னலிலிருந்தும் வரும். வேப்பங்கன்று வேப்பமரத்திலிருந்துதான் வரும், ஆட்டுக்குட்டி ஆட்டிலிருந்துதான். செல், மரபு எல்லாம் மேல்வகுப்பில் இதே இடத்துக்குத் திரும்பி வரும்போது பேசிக்கொள்ளலாம். கோவேறு கழுதையும் அப்போது வரட்டும்.

ஒரு வாரத்தில் எல்லாரும் மாறிவிடுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பல்கலைக்கழக உயிரியல் பேராசிரியர்களே விரைந்து பதில் சொல்ல வேண்டிய நிலையில், விலங்கை உயிருள்ளது என்று சொல்வதைவிடத் தாவரத்தைச் சொல்லச் சற்றுக் கூடுதல் நேரம் எடுத்தார்கள். சிறுவயது விதி அவ்வளவு ஆழத்தில் இருக்கிறது. ‘புல்லும் மரனும் ஓரறிவினவே’ என்று தொல்காப்பிய மரபியல் தாவரத்தை உயிர்களின் வரிசையில் முதலிலேயே வைத்துவிட்டது, ‘பிறவும் உளவே’ என்று பட்டியலைத் திறந்தும் வைத்தது. அந்த மொழியில் பிறந்த பிள்ளையும் அசைவிலிருந்துதான் தொடங்குகிறது. முன்னோர் கண்டுபிடித்ததை ஒவ்வொரு குழந்தையும் முதலிலிருந்து கட்டியெழுப்ப வேண்டியிருக்கிறது, அதற்கு ஆசிரியர் பக்கத்தில் இருக்க வேண்டியிருக்கிறது.

பாடக்குறிப்பில் அறிஞர் பெயரை எழுதும் வரியைப் பற்றியும் சொல்லியிருந்தீர்கள். அங்கே பிள்ளைகள் சொன்ன காரணங்களில் இரண்டை எழுதுங்கள்: ‘மரம் எங்கும் போகாததால் உயிர் இல்லை என்கிறார்கள், பயறு முளைப்பதைக் கொண்டு இதை விவாதிக்கப்போகிறேன்.’ பார்வையிட வருபவர் பெயர்தான் வேண்டும் என்றால் பக்கத்தில் பியாஜே என்று போட்டுக்கொள்ளுங்கள். தேர்விலும் ஒரு கேள்வியை மாற்றிப் பாருங்கள். ‘உயிருள்ளவற்றை வட்டமிடுக’ என்பதற்குப் பதிலாக, ‘வேகவைத்த பயறு ஏன் முளைக்கவில்லை?’ என்று கேட்டால், யாருக்குப் புரிந்தது, யார் சார்ட்டை நினைவில் வைத்திருந்தார் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

முட்டையை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடை முட்டைக்கும் அடைவைத்த முட்டைக்கும் என்ன வித்தியாசம் என்ற விவாதம் அரைமணி நேரத்தில் முடியாது. வீட்டில் கோழி வளர்க்கும் பிள்ளைகள் அதில் உங்களுக்கே சொல்லித்தருவார்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்.