ஸ்லோ குக்கரில் ராஜ்மா வைக்கலாமா?

கேள்வி: புதிதாக 4 லிட்டர் ஸ்லோ குக்கர் வாங்கியிருக்கிறோம். மட்டன் குழம்பு, ராஜ்மா இரண்டும் அதில் செய்யலாமா? தண்ணீர் எவ்வளவு?

பதில்: முதலில் மட்டனில் தொடங்குங்கள். இதில் எதுவும் சிவக்காது. 750 கிராம் கறியை மசாலாவோடு வாணலியில் வதக்கியே போடவேண்டும். உருளைக்கிழங்கு கறியைவிட மெதுவாக வேகும், அதனால் அடியில் இருக்கட்டும். ஆவி வெளியேறாததால் ஒன்றரை கப் தண்ணீர் தாராளம். 'லோ'வில் 8 மணி நேரம். நடுவில் மூடியைத் திறந்து பார்க்காதீர்கள், சூடு இறங்கிவிடும்.

ராஜ்மாவை மட்டும் நேராகப் போடவே கூடாது. அதிலுள்ள லெக்டின் நச்சு இந்த இளஞ்சூட்டில் அழியாது. வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். இரவு ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரில் அடுப்பில் குறைந்தது 10 நிமிடம், முடிந்தால் 30 நிமிடம், தளதளவெனக் கொதிக்கவிட்ட பிறகே குக்கருக்கு மாற்றுங்கள். தக்காளியைக் கடைசியில் சேருங்கள். புளிப்பு முந்தினால் பயறு மெத்தென்று வேகாது.