பயிற்சிப் பறப்பில் இறந்தவன்

வணக்கம். அண்மையில் கொழும்பு லிவரமெண்டு மயானத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலக் கல்லறைகளைப் பார்த்தேன். அவற்றுள் ஒன்று மிக இளவயது விமானப்படையினன் ஒருவனுடையது. அவன் எதிரியைக் காணாமலே பயிற்சிப் பறப்பில் விழுந்து இறந்தவன் என்று உடன் வந்த நண்பர் சொன்னார். போரில் மாண்டவர்களுக்கும் அவனுக்கும் ஒரே விதமான கல் வைத்தது முறையா? அவனுடைய சாவு வீண்தானே?
– வாசகர், வெள்ளவத்தை

அன்புள்ள நண்பருக்கு,

அந்தக் கற்களுக்குப் பொறுப்பான போர்க்கல்லறை ஆணைக்குழு 1917இல் அமைக்கப்பட்டது. பதவி, இனம், மதம் பாராமல் எல்லோரையும் ஒரே விதமாக நினைவுகூர்வது அதன் கொள்கை. 1939 செப்டெம்பர் 3 முதல் 1947 டிசெம்பர் 31 வரை படைச்சேவையில் இருக்கும்போது இறந்தவர், குண்டடிபட்டு இறந்தாலும் மலேரியாவில் இறந்தாலும், அதன் கணக்கில் ஒருவரே. நம்முடைய நடுகல் மரபு வேறு. ஆநிரை மீட்கையில் வீழ்ந்தவனுக்கு, அவன் வீழ்ந்த விதத்துக்காகவே கல் நட்டார்கள். உங்கள் முதற் கேள்வி அந்த மரபிலிருந்து எழுவது, ஆகவே எனக்கு அது அந்நியமாகப் படவில்லை.

இரண்டாவது கேள்வியில்தான் உங்களோடு உடன்பட இயலவில்லை. பிரித்தானியக் குண்டுவீச்சுப் படைப்பிரிவு அந்தப் போரில் இழந்த 55,573 பேரில் ஏறத்தாழ 8,000 பேர் பயிற்சியிலும் பிற விபத்துகளிலும் இறந்தவர்கள். போர்முனையில் தேய்ந்துபோய்த் திரும்பிய விமானங்களே பயிற்சிப் பிரிவுகளுக்குப் பெரும்பாலும் கிடைத்தன. அவற்றில், சில மாதங்களுக்கு முன்புவரை விமானத்தைத் தொட்டுமறியாத பையன்கள், முகிலுக்குள்ளும் இருட்டிலும் திசையறியப் பழகினார்கள். அவசரம் இங்கும் இருந்தது. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது, கறுவாத்தோட்டத்துக் குதிரைப் பந்தயத் திடலையே ஓடுபாதையாக்கி அங்கிருந்து பிரித்தானியரின் ஹரிக்கேன் போர்விமானங்கள் எழும்பின. அவற்றை ஓட்டியவர்களிற் பலருக்குப் போர் அனுபவம் மிகக் குறைவு. பயிற்சியைச் சுருக்கியதும் பழைய இயந்திரத்தைக் கொடுத்ததும் போர் நடத்தியவர்கள் தெரிந்தே எடுத்த முடிவுகள். அதற்கு விலை கொடுத்தவனைப் போருக்கு வெளியே நிறுத்துவது நியாயமாகாது.

நண்பர் சொன்னதைச் சரிபார்க்க விரும்பினால், ஆணைக்குழுவின் இணையப் பதிவேட்டில் மயானத்தின் பெயரைக் கொடுத்துத் தேடுங்கள். அவனுடைய படைப்பிரிவு தெரிந்துவிட்டால், அந்தப் பிரிவின் அன்றாடப் பதிவேடு லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறதா என்று பார்க்கலாம். விபத்துகளை அந்தந்த நாளின் கீழேயே குறித்து வைப்பது படைப்பிரிவுகளின் வழக்கம்.