பூட்டிய கதவுக்குள் ஒரு தையல் மெஷின்

மேடம், வணக்கம்.

கோலாலம்பூர் செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். வாடகை 1,100 ரிங்கிட். கணவருக்குப் பத்துமலைப் பக்கம் ஒரு கிடங்கில் வேலை. அவர் சம்பளம் கார்த் தவணைக்கும் சாப்பாட்டுக்கும் பள்ளிச் செலவுக்கும் சரியாகப் போய்விடும். வாடகை என் பொறுப்பு. வீட்டிலேயே பிளவுஸ் தைத்துத்தான் கட்டுகிறேன்.

தீபாவளிக்கு முன்னால் நடுராத்திரி தாண்டியும் மெஷினில் உட்கார்ந்திருப்பேன். தை, வைகாசி கல்யாண மாதங்களும் பரவாயில்லை. ஆடியிலும் மார்கழியிலும் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். வாடகைத் தேதி மட்டும் தவறாமல் வந்துவிடும். இரண்டு முறை ஒரு வாரம் தள்ளிக் கொடுத்திருக்கிறேன், நிறுத்தியதில்லை.

ஒப்பந்தத்தில் ‘குடியிருக்க மட்டும்’ என்று இருக்கிறது. நான் தைப்பது வீட்டுக்கார அங்கிளுக்குத் தெரியாது. அவர் வருகிறார் என்றால் ஓவர்லாக் மெஷினைப் போர்வையால் மூடி, துணிகளை அலமாரிக்குள் திணித்துவிடுவேன். கீழ்வீட்டு அம்மா ஒருநாள், “ராத்திரியில் என்னம்மா சத்தம்?” என்று கேட்டார். அதிலிருந்து தூக்கம் போய்விட்டது. ஒப்பந்தம் முடிய இன்னும் நான்கு மாதம்தான்.

விடியற்காலையில் விழிப்பு வந்து நெஞ்சு படபடக்கிறது. வாட்ஸ்அப் சத்தம் கேட்டாலே கை நடுங்குகிறது. யார் எதைக் கேட்டாலும் முடியாது என்று சொல்ல வரவில்லை. கூலியைக் குறைக்கச் சொன்னாலும் தலையாட்டுகிறேன். மாமியார் வீட்டில், “அவ வீட்ல சும்மாதானே இருக்கா” என்கிறார்கள். போன வாரம் பள்ளிப் படிவத்தில் தாயாரின் தொழில் என்ற இடத்தில் மகள் ‘சூரி ரூமா’ (இல்லத்தரசி) என்று எழுதினாள். ஏன் என்று கேட்டால், “யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க” என்றாள். அன்று ராத்திரி முழுக்க அழுதேன்.

தையலை விட்டுவிட்டு எங்காவது சம்பள வேலைக்குப் போய்விடட்டுமா?

– பெயர் வேண்டாம், செந்தூல்

*

அன்புச் சகோதரிக்கு,

வருமானம் ஏறி இறங்குவது சொந்தத் தொழில் செய்யும் எல்லாருக்கும் உள்ள கவலை. உங்கள் கடிதத்தில் அதைவிடப் பெரிதாக என் கண்ணில் பட்டது வேறு. நீங்கள் வாடகை கட்டும் வீட்டிலேயே ஒளிந்து வாழ்கிறீர்கள். வீட்டுக்காரரிடம் மறைக்கிறீர்கள், கீழ்வீட்டாரிடம் மறைக்கிறீர்கள், உறவுக்காரர்கள் ‘சும்மா’ என்று சொல்லும்போது வாயை மூடிக்கொள்கிறீர்கள். உங்கள் குடும்பத்தின் தலைக்கு மேல் கூரை நிற்பதே உங்கள் உழைப்பில். பிடிபட்டுவிடுவோமோ என்ற பயத்தோடு இருபத்து நாலு மணி நேரமும் இருக்கும் உடம்பு எப்படித் தூங்கும்? போன் சத்தத்துக்குக் கை நடுங்குவது உங்கள் பலவீனம் அல்ல. ஓய்வே கிடைக்காத காவல் வேலையை உடம்பு செய்துகொண்டிருக்கிறது.

முதலில் மகளிடம் பேசுங்கள். வீட்டுக்காரர், பணம் எல்லாம் அப்புறம். அம்மாவின் தொழில் வெளியே சொல்லக் கூடாத ஏதோ ஒன்று என்று ஒரு பிள்ளை நினைத்துக்கொண்டு வளர்வது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது. “அம்மா தையல்காரி. இந்த வாடகையை அம்மாதான் கட்டுறேன். வீட்டுக்கார அங்கிள்கிட்ட இன்னும் சொல்லலை, அதனால பயந்து உன்னை மறைக்கச் சொன்னேன். இனிமேல் நீ மறைக்க வேண்டாம்.” இவ்வளவு போதும். கணவரும் பக்கத்தில் இருக்கட்டும். அவர் “உங்க அம்மா சம்பாத்தியம்” என்று ஒரு வார்த்தை சொன்னால், மாமியார் வீட்டுப் பேச்சுக்கும் பாதி பதில் கிடைத்துவிடும்.

மகளிடம் சொன்ன கையோடு வீட்டுக்காரரிடமும் பேசிவிடுங்கள். ஒப்பந்தம் முடியும் வாரம் வரை தள்ளிப்போட வேண்டாம். “அங்கிள், நான் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். அதில்தான் வாடகை கட்டுறேன். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல மெஷின் ஓட்ட மாட்டேன், அடியில ரப்பர் விரிப்பு போட்டுடறேன். புது ஒப்பந்தத்துல இதையும் எழுதிக்கலாமா?” என்று கேளுங்கள். கீழ்வீட்டு அம்மாவிடமும் அந்த ஒன்பது மணிக் கணக்கைச் சொல்லிவிடுங்கள். ஒழுங்காக வாடகை தரும் குடும்பத்தை இழக்க எந்த வீட்டுக்காரரும் யோசிப்பார்.

ஆனாலும் அவர் மறுக்கலாம், அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். ஒப்பந்தம் முடிந்தபின் புதுப்பிக்காமல் இருக்க அவருக்கு உரிமை உண்டு. ஆனால் நாளைக்கே பூட்டை மாற்றி, சாமான்களை வெளியே போட முடியாது. 1950ஆம் ஆண்டு ஸ்பெசிபிக் ரிலீஃப் சட்டத்தின் 7(2) பிரிவுப்படி, குடியிருப்பவரை வெளியேற்ற நீதிமன்ற உத்தரவு வேண்டும். விடியற்காலையில் விழிப்பு வரும்போது உங்கள் கண்முன் வரும் காட்சி அந்தப் பூட்டிய கதவுதானே? அது அப்படி ஒரே நாளில் நடக்காது.

மறுத்தால் என்ன ஆகும் என்பதையும் எண்ணிப் பார்த்துவிடுவோம். கோலாலம்பூரில் வழக்கமாக இரண்டு மாத டெபாசிட், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை என்று கேட்பார்கள். இதே வாடகையில் இன்னொரு வீடு என்றால் 3,850 ரிங்கிட். பழைய டெபாசிட் காலி செய்த பிறகுதான் திரும்பும், அதை நம்பிப் புது வீடு பிடிக்க முடியாது. அந்த 3,850தான் உங்கள் முதல் சேமிப்பு இலக்கு. எண் தெரிந்த பயத்தோடு போராடலாம், எண் தெரியாத பயத்தோடு முடியாது.

வாடகைக்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கு திறங்கள். கூலி கைக்கு வந்ததும் ஒரு பங்கு அங்கே போகட்டும். தீபாவளிப் பணத்தைத் தீபாவளியிலேயே முடித்துவிடாமல், மார்கழி வாடகையை ஐப்பசியிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். துணி வாங்கும்போதே பாதிக் கூலி முன்பணம் கேளுங்கள். குறைக்கச் சொல்பவரிடம், “இதுதான்க்கா என் கூலி” என்று சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். அந்த அமைதியில் நெஞ்சு அடித்துக்கொள்ளும். இரண்டு மூன்று முறைக்குள் பழகிவிடும். ஒருவர் வேறு தையல்காரரிடம் போனால் போவது ஒரு பிளவுஸ்தான், வீடு இல்லை. இப்போது ஒவ்வொரு வாடிக்கையாளரின் முகத்திலும் உங்களுக்கு வீடுதான் தெரிகிறது. அதனால்தான் முடியாது என்ற வார்த்தை வெளியே வருவதில்லை.

தொழிலை எஸ்எஸ்எம் என்னும் நிறுவனப் பதிவு ஆணையத்தில் பதிவு செய்யுங்கள். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட்தான். வீட்டில் தொழில் செய்ய என்ன அனுமதி வேண்டும் என்று கோலாலம்பூர் மாநகராட்சியான டிபிகேஎல்லில் கேட்டுக்கொள்ளுங்கள். சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் சுயதொழில் பாதுகாப்புத் திட்டத்தில் ஆண்டுச் சந்தா 157.20 ரிங்கிட்டிலிருந்து தொடங்குகிறது. ஊசி விரலில் ஏறினாலும் கேட்க ஆள் இருக்கும். கையில் கொஞ்சம் மிஞ்சும் காலத்தில் ஊழியர் சேமநிதியின் ஐ-சாரான் சேமிப்புத் திட்டத்தையும் பாருங்கள், போடும் பணத்துக்கு அரசாங்கமும் ஒரு பங்கு சேர்க்கிறது. இதை ஓர் ஆலோசகர் ஏன் சொல்கிறார் என்று தோன்றலாம். உங்கள் பெயரோடு ஒரு தொழில் பத்திரம் கையில் இருக்கும்போது வீட்டுக்காரர் முன்னால் நீங்கள் நிற்கும் விதமே மாறும். என்னிடம் வருபவர்களில் இதைக் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன்.

தையலை விடலாமா என்று கேட்டீர்கள். அதைத் தூக்கமில்லாத இந்த நாட்களில் முடிவு செய்யாதீர்கள். மெஷினை மூடி மறைக்க வேண்டாத நிலையில் மூன்று மாதம் தைத்துப் பாருங்கள். அப்போதும் சம்பள வேலைதான் நிம்மதி என்று தோன்றினால் தாராளமாகப் போங்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

தூக்கமின்மையும் அழுகையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் பக்கத்து அரசாங்கக் கிளினிக்குக்குப் போய் டாக்டரிடம் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். மனம் மிகவும் கனத்துப்போனால் சுகாதார அமைச்சின் 15555 எண்ணை அழைக்கலாம்.

வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். முடியாது என்று சொல்லியிருந்தால், அடுத்த வீடு பார்க்கப் போகும்போது முதல் நாளே என்னென்ன கேட்க வேண்டும் என்று சேர்ந்து யோசிப்போம்.